ஏற்காடு ஏறும் காருக்குப் பெரிய திரை வேண்டுமா, போன் ஹோல்டர் போதுமா?

உங்கள் கேள்வியை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன், படிக்கும் மற்றவர்களுக்கும் புரியட்டும். வீடு சேலம் அஸ்தம்பட்டியில். வேலை ஏற்காட்டில், ஒரு காபி எஸ்டேட் அலுவலகத்தில். வாரத்தில் பல நாள் மலை ஏறி இறங்க வேண்டும். அவ்வப்போது பெங்களூருக்கும் போக வேண்டியிருக்கும். சின்ன கார் ஒன்று எடுக்கப் போகிறீர்கள். நடு வேரியண்டில் புளூடூத் உள்ள சாதாரண ஸ்டீரியோ. மேல் வேரியண்டில் 9 அங்குலத் தொடுதிரை. வித்தியாசம் ஒரு லட்சத்தை ஒட்டி வருகிறது. ‘ஐந்நூறு ரூபாய் ஹோல்டரில் போனை மாட்டினால் அதே மேப்தானே தெரியும்?’ என்று கேட்கிறீர்கள். ஷோரூமிலோ, ‘போனை மாட்டி ஓட்டினால் போலீஸ் கேஸ் போடும்’ என்று பயமுறுத்தியிருக்கிறார்கள்.

திரைக்காக மட்டும் மேல் வேரியண்டுக்குப் போகாதீர்கள். இதுதான் என் பதில். ஆனால் அந்த ஒரு லட்சத்துக்குள் வேறு என்னென்ன அடங்கியிருக்கிறது என்று பட்டியலை வாங்கிப் பாருங்கள். பின்கண்ணாடி வைப்பர், பின்கண்ணாடியின் பனியைப் போக்கும் டிஃபாகர், பின்பக்கக் கேமரா, கூடுதல் ஏர்பேக் ஆகியவை மேல் வேரியண்டில் மட்டும்தான் என்றால் தாராளமாகக் கொடுங்கள். மலையில் தினமும் புழங்குகிறவருக்கு அவை திரையைவிடப் பெரிய விஷயம். வெறும் திரை, அலாய் வீல், கொஞ்சம் குரோம் பட்டை என்றால் நடு வேரியண்டே போதும். ஒரு நல்ல ஹோல்டரும் நல்ல சார்ஜரும் வாங்கிக்கொள்ளுங்கள்.

ஏன் என்பதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் இந்தப் பேச்சில் நிறையக் குழப்பம் இருக்கிறது.

முதல் குழப்பம், காரின் திரை ஏதோ தனி மூளையோடு வேலை செய்கிறது என்ற எண்ணம். நம் ஊரில் விற்கும் சின்ன, நடுத்தர கார்களில் பெரும்பாலும் நடப்பது ஆண்ட்ராய்டு ஆட்டோ அல்லது ஆப்பிள் கார்ப்ளே. 2014-ல் இரண்டும் அறிவிக்கப்பட்டன. இவற்றில் மேப் ஓடுவது போனில், டேட்டா செலவாவது போனில், பாட்டு வருவதும் போனிலிருந்து. காரின் திரை அதைக் காட்டுகிறது, உங்கள் விரல் பட்ட இடத்தைப் போனுக்குத் திருப்பிச் சொல்கிறது, அவ்வளவுதான். ஆகவே வழி காட்டும் அறிவில் ஹோல்டரில் இருக்கும் போனுக்கும் 9 அங்குலத் திரைக்கும் பெரிய வேறுபாடு கிடையாது. காரிலேயே முழுதாக ஓடும் ஆண்ட்ராய்டு ஆட்டோமோட்டிவ் என்பது வேறு சங்கதி. 2020-ல் போல்ஸ்டார் 2 காரில் வந்தது அது. நீங்கள் பார்க்கும் விலையில் அந்தப் பேச்சே வராது.

வேறுபாடு இருப்பது வேறு இடங்களில். திரை எங்கே இருக்கிறது, ஓட்டும்போது என்னென்ன செய்ய விடுகிறது, வெயிலை எப்படித் தாங்குகிறது. இந்த மூன்றையும் பார்த்தால் போதும்.

அதற்கு முன் போலீஸ் விஷயத்தை முடித்துவிடுவோம். மோட்டார் வாகனச் சட்டத்தின் 184-வது பிரிவு 2019-ல் திருத்தப்பட்டபோது, கையில் பிடித்த போனை ஓட்டும்போது பயன்படுத்துவது ஆபத்தான ஓட்டுதலில் சேர்க்கப்பட்டது. 2020 அக்டோபர் 1 முதல் நடைமுறைக்கு வந்த மத்திய விதித் திருத்தம், வழி பார்க்க மட்டும், ஓட்டுநரின் கவனம் கெடாத விதத்தில், போனைப் பயன்படுத்தலாம் என்று இடம் கொடுத்திருக்கிறது. தமிழ்நாட்டில் 2022-ல் அபராதங்கள் உயர்த்தப்பட்டபோது, ஓட்டிக்கொண்டே போன் பேசினால் முதல் முறை 1,000 ரூபாய், மறுபடி சிக்கினால் 10,000 என்று ஆனது. அதாவது ஹோல்டரில் மேப் ஓடிக்கொண்டிருப்பது குற்றமல்ல. ஹோல்டரில் இருக்கும் போனை வாட்ஸ்அப் பார்க்கக் கையில் எடுத்தால் அது வேறு. ஷோரூம்காரர் சொன்னதில் பாதிதான் உண்மை. மீதி அவருடைய டார்கெட்.

இனி கவனம் சிதறும் விஷயம். இதில் வெளிநாட்டில் நடந்த ஆய்வுகள் சில உண்டு. மேலோட்டமாகப் பார்த்தால் ஒன்றுக்கொன்று முரணாகத் தெரியும்.

அமெரிக்க வாகன ஓட்டிகள் சங்கமான ஏ.ஏ.ஏ.யின் அறக்கட்டளைக்காக யூட்டா பல்கலைக்கழகம் செய்து 2018-ல் வெளியான ஆய்வில், கார் கம்பெனிகள் தாங்களே எழுதிய மென்பொருளைவிட ஆண்ட்ராய்டு ஆட்டோவும் கார்ப்ளேயும் மேல் என்று தெரிந்தது. ஒரு போன் அழைப்பைச் செய்ய 5 விநாடியும், வழியைப் பதிவு செய்ய 15 விநாடியும் குறைவாகப் பிடித்தது. சரி, அப்போது திரைதான் நல்லது என்று தோன்றும். ஆனால் 2020-ல் பிரிட்டனில் டி.ஆர்.எல். என்ற போக்குவரத்து ஆய்வு நிறுவனம் சிமுலேட்டரில் (ஓட்டுவதுபோலவே அமைத்த பொய்க் காரில்) சோதித்தபோது, ஓட்டிக்கொண்டே கார்ப்ளேயைத் தொட்டு இயக்கியவர்களின் எதிர்வினை நேரம் 57 சதவீதமும், ஆண்ட்ராய்டு ஆட்டோவில் 53 சதவீதமும் தாமதமானது. குரலால் இயக்கினாலும் 30 சதவீதத்துக்குக் குறையவில்லை. அந்த ஊர்ச் சட்ட வரம்பு அளவுக்குக் குடித்தவருக்கு முந்தைய ஆய்வில் கிடைத்த தாமதம் 12 சதவீதம். அந்த வரம்பும் சின்னதல்ல: 100 மில்லி ரத்தத்தில் 80 மில்லிகிராம். நம் நாட்டில் அது 30.

இரண்டையும் சேர்த்துப் படித்தால் விஷயம் தெளிவாகிவிடும். மோசமான மென்பொருளைவிட ஆண்ட்ராய்டு ஆட்டோ தேவலை. ஓடும் காரில் தொட்டால் ஆண்ட்ராய்டு ஆட்டோவும் மோசம்தான். திரை காரோடு வந்ததா, போனா என்பது இங்கே இரண்டாம்பட்சம். தொடுகிறீர்களா, வெறுமனே பார்க்கிறீர்களா என்பதுதான் கணக்கு.

ஒரு விஷயத்தில் மட்டும் காரின் திரைக்கு நிச்சயமாக மார்க் கொடுக்க வேண்டும். ஆண்ட்ராய்டு ஆட்டோ ஓட்டுநரைக் கொஞ்சம் கட்டிப்போடுகிறது. வண்டி நகரும்போது கீபோர்டு பூட்டிக்கொள்ளும், வீடியோ வராது, வாட்ஸ்அப் செய்தியைத் திரையில் விரிக்காமல் வாசித்துக் காட்டும். ஹோல்டரில் இருக்கும் போனுக்கு அப்படி எந்தக் கடிவாளமும் இல்லை. அழைப்பு வந்தால் மேப்பின் மேல் அறிவிப்பு வந்து உட்காரும். யாரோ குடும்பக் குழுவில் காலை வணக்கம் போட்டால் அதுவும் எட்டிப் பார்க்கும். இதற்கு மாற்று, போனில் ‘டிரைவிங்’ நிலையை வைத்து, அழைப்பைத் தவிர எல்லா அறிவிப்பையும் அடைத்துவிடுவது. அமைப்புகளில் ஒருமுறை செய்து வைத்தால் காரின் புளூடூத்தோடு சேர்ந்ததும் அதுவே இயங்கும் வசதி பெரும்பாலான போன்களில் உண்டு. ஹோல்டர் வழியில் போகிறவர்கள் இதைச் செய்யாமல் விடக்கூடாது.

இப்போது மலைக்கு வருவோம். உங்கள் விஷயத்தில் இதுதான் முக்கியம்.

அடிவாரத்திலிருந்து ஏற்காடு வரை 20 கொண்டை ஊசி வளைவுகள். 30 கிலோமீட்டர் வேகத்தில் போகும் கார் 2 விநாடியில் கிட்டத்தட்ட 17 மீட்டர் ஓடிவிடும். ஒரு கொண்டை ஊசி வளைவின் பாதி அது. தொப்பூர் இறக்கத்தில் 100-ல் போனால் அதே 2 விநாடிக்கு 55 மீட்டர். எந்தத் திரையானாலும் ஒரு பார்வைக்கு 2 விநாடிக்கு மேல் ஆகக்கூடாது என்று அமெரிக்கப் போக்குவரத்துப் பாதுகாப்பு நிர்வாகம் 2013-லேயே வழிகாட்டு நெறி எழுதியது. அது அந்த ஊர் அகலமான சாலைகளை மனதில் வைத்து எழுதியது. நம் மலைப்பாதையில் வளைவுக்குள் பார்வையைத் திருப்ப அரை விநாடிகூட ஜாஸ்திதான். எதிரே பஸ் முழு அகலத்துக்கும் வெட்டிக்கொண்டு வரும்.

அதனால் மலையில் மேப் எதற்கு என்றே யோசிக்கலாம். தினமும் போகிற உங்களுக்கு வழி தெரியும். வழி கேட்க மேப் வேண்டியதில்லை. ஆனால் இரண்டு விஷயத்துக்கு உதவும். ஒன்று, மூடுபனியில் அடுத்த வளைவு எந்தப் பக்கம், எவ்வளவு நெருக்கத்தில் என்று நேர்ச் சாலையில் இருக்கும்போதே ஓரக்கண்ணால் தெரிந்துகொள்ளலாம். இரண்டு, மேலே நெரிசலா, சாலை அடைப்பா என்று கிளம்பும் முன் பார்க்கலாம். மழைக்காலத்தில் மண் சரிந்தால் அடிவாரப் பாதையை மூடிவிட்டுக் குப்பனூர் வழியாக அனுப்புவார்கள். மே மாதக் கோடை விழா சமயத்தில் ஏற ஒரு பாதை, இறங்க ஒரு பாதை என்று ஒருவழியாக்குவதும் உண்டு. இதை மேப் உடனுக்குடன் தெரிந்துகொள்ளும் என்று நம்பக் கூடாது. அஸ்தம்பட்டியிலேயே இருக்கிறீர்கள், கோரிமேட்டில் ஒரு டீக்கடையில் விசாரித்தால் மேப்பைவிடச் சரியான தகவல் கிடைக்கும்.

மேப்பில் உங்கள் அம்புக்குறி திடீரென்று மேல் வளைவுக்குத் தாவுவதைக் கவனித்திருப்பீர்கள். அது போனின் கோளாறு இல்லை. ஜி.பி.எஸ். திறந்த வெளியிலேயே சில மீட்டர் பிசகும். ஒரு பக்கம் பாறைச் சுவரும் மறுபக்கம் மரங்களும் இருக்கும் இடத்தில் சிக்னல் பாறையில் பட்டுத் திரும்பி வருவதால் பிசகு இன்னும் கூடும். கொண்டை ஊசி வளைவுகளில் மேல் சாலையும் கீழ்ச் சாலையும் வானத்திலிருந்து பார்த்தால் ஒட்டி ஒட்டித்தான் இருக்கும். உயரத்தைக் கணக்கிடுவதில் ஜி.பி.எஸ். இன்னும் பலவீனம். ஆகவே அருகில் இருக்கும் ஏதோ ஒரு சாலையில் உங்களை ஒட்டவைக்கிறது, சில சமயம் தப்பான சாலையில். காரோடு பிறந்த மேப் உள்ள வண்டிகளில் சக்கரம் எத்தனை சுற்று சுற்றியது, வண்டி எந்தப் பக்கம் திரும்பியது என்ற சென்சார் தகவலும் கணக்கில் சேர்வதால் இந்தத் தாவல் குறைவு. சில கார்களில் ஆண்ட்ராய்டு ஆட்டோவுக்கும் இந்தத் தகவல் போகும். கூரையில் இருக்கும் ஆன்டெனாவின் ஜி.பி.எஸ்.ஸையே போன் எடுத்துக்கொள்ளும். திரைக்கு ஆதரவாக யாரும் சொல்லாத, ஆனால் உண்மையான காரணம் இது. ஒரு லட்சம் பெறுமா என்றால், எனக்குத் தோன்றவில்லை.

இதே வியாதி சேலம் ஐந்து ரோட்டிலும் உண்டு. 2020-ல் திறந்த ஈரடுக்குப் பாலத்தில் நீங்கள் மேலே போகிறீர்களா, கீழே போகிறீர்களா என்று மேப் தடுமாறுவதற்குக் காரணமும் அந்த உயரக் கணக்குதான். 2024-ல் கூகுள் மேப் இந்தியாவில் 40 நகரங்களுக்கு ‘மேம்பாலத்தில் ஏறவும்’ என்று முன்கூட்டியே சொல்லும் வசதியைக் கொண்டுவந்தது. குறுகிய சந்துகளைத் தவிர்க்கும் வசதியும் அப்போதே 8 நகரங்களுக்கு வந்தது. தொடங்கிய பட்டியலில் சென்னையும் கோவையும் இருந்தன, சேலம் இல்லை. செவ்வாய்ப்பேட்டைச் சந்துகளில் லாரியோடு லாரியாக மாட்டிக்கொண்டவர்களுக்கு இதன் அருமை தெரியும்.

மலையில் சிக்னல் இல்லாவிட்டால் என்ன ஆகும்? ஜி.பி.எஸ்.ஸுக்கு இன்டர்நெட் தேவையில்லை. செயற்கைக்கோள் அனுப்புவதைப் போன் கேட்டுக்கொள்கிறது, அவ்வளவே. டேட்டா தேவைப்படுவது மேப்பின் படத்தை இறக்கவும், நெரிசல் பார்க்கவும். சேலம், ஏற்காடு, ஓமலூர், தொப்பூர் எல்லாம் அடங்கும்படி ஒரு கட்டம் போட்டு ஆஃப்லைன் மேப்பாக வீட்டு வைஃபையில் இறக்கி வைத்துவிடுங்கள். நாகலூர்ப் பக்கம் எஸ்டேட் சாலைக்குள் போனாலும் வழி தெரியும். நெரிசல் நிலவரம் மட்டும் வராது. ஹோல்டரானாலும் ஆண்ட்ராய்டு ஆட்டோவானாலும் இது பொருந்தும், இரண்டிலும் மேப் போனில்தானே இருக்கிறது.

அடுத்தது வெயில். ஹோல்டர் வழியின் உண்மையான பலவீனம் இங்கேதான் இருக்கிறது.

சேலத்தில் ஏப்ரல், மே மாதங்களில் 40 டிகிரியைத் தாண்டுவது புதிதல்ல. ஐபோனைச் சுற்றியுள்ள வெப்பம் 35 டிகிரிக்குள் இருக்கும்போது பயன்படுத்தச் சொல்கிறது ஆப்பிள். வெயிலில் நின்ற காரின் டேஷ்போர்டு அதையெல்லாம் எப்போதோ தாண்டியிருக்கும். அதன் மேல் போனை வைத்து, திரையை முழு வெளிச்சத்தில் வைத்து, மேப்பும் டேட்டாவும் ஓட, சார்ஜும் ஏற்றினால், நான்கு பக்கமும் சூடு. முதலில் திரை தானாக மங்கும். பிறகு சார்ஜ் ஏறுவது நிற்கும். கடைசியில் ‘போன் சூடாக உள்ளது’ என்று சொல்லிவிட்டு மேப்பே போய்விடும். ஓமலூர் சுங்கச்சாவடியை நெருங்கும்போது நடந்தால் எரிச்சல், பெங்களூரில் சில்க் போர்டு சந்திப்பில் நடந்தால் அவஸ்தை. ஆண்ட்ராய்டு ஆட்டோவில் போனின் திரை அணைந்து, போன் நிழலில் கிடப்பதால் இந்தத் தொல்லை குறைவு. ஒயர்லெஸ் ஆட்டோவும் ஒயர்லெஸ் சார்ஜரும் சேர்ந்தால் மறுபடி சூடுதான். அதற்குக் கேபிளே மேல்.

ஹோல்டர் வாங்குகிறவர்கள் இதற்காகவே ஏ.சி. வென்ட்டில் மாட்டும் வகையை எடுப்பது நல்லது. கோடையில் குளிர்காற்று நேரே போனின் முதுகில் படும். ஆனால் மார்கழிக் காலையில் கண்ணாடியின் பனியைப் போக்க ஹீட்டர் போட்டால் அந்த வென்ட்டை மூடிவிடுங்கள், இல்லையென்றால் வெந்நீர் ஒத்தடம்தான். வெறும் ஸ்பிரிங் கிளிப் வேண்டாம். இன்றைய போன்கள் கவரோடு 200 கிராமைத் தாண்டுகின்றன, மலைப்பாதைக் குலுக்கலில் வென்ட்டின் இதழ் உடையும். பின்னால் கொக்கி போட்டுத் திருகி இறுக்கும் வகை கிடைக்கிறது, அதைக் கேட்டு வாங்குங்கள். வட்டமான வென்ட் உள்ள கார் என்றால் இது சரிப்படாது, டேஷ்போர்டில் ஒட்டும் வகைக்குத்தான் போக வேண்டும். கண்ணாடியில் ஒட்டும் ரப்பர் கப்பு சேலம் வெயிலில் இளகி, சரியாக நீங்கள் எதிர்பாராத நேரத்தில் மடியில் விழும்.

எங்கே மாட்டுவது என்பது மலையில் ஓட்டுகிறவருக்கு இன்னும் முக்கியம். பலர் ஸ்டீயரிங்குக்கு வலப்பக்கம், கதவோரத்தில், கண் உயரத்தில் மாட்டுகிறார்கள். நகரத்துக்குச் சரி. மலையில் வலப்பக்கம் திரும்பும் கொண்டை ஊசி வளைவில் உங்கள் கண் முன்கண்ணாடியில் இருக்காது. வலப்பக்கத் தூணுக்கும் பக்கக் கண்ணாடிக்கும் நடுவே இருக்கும். மேலிருந்து இறங்கும் வண்டி அங்கேதான் தெரியும். அந்த இடத்தில் ஏற்கெனவே தூண் ஒரு பகுதியை மறைக்கிறது, அதோடு போனையும் சேர்த்தால் ஒரு பைக் முழுதாக மறைந்துவிடும். ஆகவே இடப்பக்கம், நடு வென்ட்டில், டேஷ்போர்டின் மேல்விளிம்புக்குக் கொஞ்சம் கீழே. கை நீட்டாமல் தெரிய வேண்டும், சாலையை ஒரு விரல்கூட மறைக்கக் கூடாது. பயணி பக்கம் ‘ஏர்பேக்’ என்று எழுதியிருக்கும் மூடியின் மேல் எதையும் ஒட்டாதீர்கள். அது வெடித்துத் திறக்கும்போது ஹோல்டர் எங்கே பறக்கும் என்று சொல்ல முடியாது.

சார்ஜர் பற்றி ஒரு வரி. காரில் இருக்கும் பழைய வகை யு.எஸ்.பி. துளை பல வண்டிகளில் பாட்டுக்காகக் கொடுத்தது. யு.எஸ்.பி. 2.0-ன் அடிப்படை அளவு 2.5 வாட், மேப் ஓடும்போது ஏறுவதைவிட இறங்குவதே அதிகம். லைட்டர் துளையில் 18 வாட்டோ அதற்கு மேலோ தரும் அடாப்டர் போடுங்கள்.

பட்டன்களைப் பற்றிச் சொல்லாமல் முடிக்க முடியாது. மேல் வேரியண்டை எடுக்கிறீர்களோ இல்லையோ, ஏ.சி.க்கும் சத்தத்துக்கும் திருகும் குமிழ் இருக்கும் காரை எடுங்கள். ‘வி பிலாகாரே’ என்ற ஸ்வீடன் கார் பத்திரிகை 2022-ல் ஒரு சோதனை நடத்தியது. 110 கிலோமீட்டர் வேகத்தில் ஓட்டிக்கொண்டே ஹீட்டரைக் கூட்டுவது, ரேடியோ மாற்றுவது போன்ற நான்கு வேலைகளைச் செய்ய வேண்டும். பட்டன் மட்டுமே உள்ள 2005 வால்வோ வி70 காரில் 10 விநாடி போதுமாயிருந்தது. எம்.ஜி. மார்வெல் ஆர் என்ற புதுத் தொடுதிரைக் காரில் 44.9 விநாடி. அந்த நேரத்தில் கார் 1,372 மீட்டர் ஓடியிருந்தது. 2026 முதல் இண்டிகேட்டர், ஹசார்டு விளக்கு, ஹாரன், வைப்பர், அவசர அழைப்பு இவற்றுக்குத் தனிக் கட்டுப்பாடு இல்லாத கார்கள் யூரோ என்கேப் என்ற ஐரோப்பியக் கார் பாதுகாப்புச் சோதனையில் மதிப்பெண் இழக்கும் என்று ஆகியிருக்கிறது. வோக்ஸ்வேகன் முக்கியமான வேலைகளுக்குப் பட்டனைத் திருப்பிக் கொண்டுவருவதாக 2025-ல் சொன்னது. உலகம் ஒரு சுற்று சுற்றிவிட்டு நம் பழைய அம்பாசிடர் குமிழுக்கே வந்து நிற்கிறது.

ஏற்காட்டுக்கு இது ஏன் முக்கியம்? மழை நாளில், நான்கு பேர் உட்கார்ந்த காரில், பதினைந்தாவது வளைவுக்கு மேல் கண்ணாடியின் உள்பக்கத்தைப் பனி ஒரே நொடியில் மூடிக்கொள்ளும். அப்போது முன்கண்ணாடி டிஃபாகர் ஒரே அழுத்தில் வர வேண்டும். திரைக்குள் போய், கிளைமேட் பக்கத்தைத் திறந்து, படத்தைத் தேடித் தொட வேண்டிய கார் அங்கே தொல்லை. ஷோரூமில் உட்கார்ந்து பார்க்கும்போது இது யாருக்கும் தோன்றாது.

நடு வேரியண்ட் எடுத்துவிட்டு வெளியே ஆண்ட்ராய்டு ஸ்டீரியோ மாட்டலாமா என்று அடுத்துக் கேட்பீர்கள். மாட்டலாம், பார்த்து மாட்ட வேண்டும். கார் எலக்ட்ரிக்கல் வேலையில் இருப்பவன் என்ற முறையில் சொல்கிறேன்: உங்கள் மாடலுக்கென்றே வரும் கப்ளரில் சொருகும் வகையா, ஒயரை வெட்டி ஒட்டும் வகையா என்பதுதான் முதல் கேள்வி. வெட்டினால் எலக்ட்ரிக்கல் வாரண்டி உங்களிடம் இருக்காது. விலை குறைந்தவற்றில் பெட்டியில் எழுதியிருக்கும் ஆண்ட்ராய்டு எண்ணும் ராமும் உள்ளே அப்படியே இருக்கும் என்று நம்பாதீர்கள். இக்னிஷன் அணைத்த பிறகும் சில பெட்டிகள் முழுதாகத் தூங்காமல் பேட்டரியைக் குடிக்கும்; இரண்டு நாள் நிறுத்திய வண்டி காலையில் ஸ்டார்ட் ஆகாவிட்டால் அங்கேதான் முதலில் பார்ப்போம். மாட்டிய பிறகு இன்ஷூரன்ஸில் எலக்ட்ரானிக் பொருத்துதலாகச் சேர்த்துவிடுங்கள். வழக்கமாகப் பொருளின் மதிப்பில் 4 சதவீதத்தை ஒட்டிக் கூடுதல் பிரீமியம் வரும். சேர்க்காமல் விட்டால் திருட்டுப் போனாலும் விபத்தில் உடைந்தாலும் கிளெய்மில் வராது.

ஆயுள் கணக்கும் கொஞ்சம் பாருங்கள். போனை மூன்று நான்கு வருடத்தில் மாற்றுவீர்கள், காரைப் பத்து வருடம் வைத்திருப்பீர்கள். திரை பழசாகிக்கொண்டே போகும். அமெரிக்காவில் 2022-ல் 3ஜி சேவையை நிறுத்தியபோது, அதை நம்பியிருந்த பல கார்களின் ‘கனெக்டெட்’ வசதி ஒரே நாளில் செத்தது. திரை காட்டும் பெட்டி கெட்டால் வாரண்டிக்குப் பின் பெரும்பாலும் முழுதாக மாற்றச் சொல்வார்கள், அதன் விலை பல ஆயிரங்களில் இருக்கும். ஹோல்டர் உடைந்தால் ஐந்நூறு ரூபாய்.

பின்பக்கக் கேமரா கதை தனி. 2019 ஜூலை முதல் புதுக் கார்களில் ரிவர்ஸ் சென்சார் கட்டாயம், ஆகவே நடு வேரியண்டிலும் பீப் சத்தம் இருக்கும். ஆனால் ஏற்காட்டில் ஏரிப் பக்கமோ லேடீஸ் சீட் பக்கமோ சரிவில் ரிவர்ஸ் எடுக்கும்போது பின்னால் பள்ளம் இருப்பதைச் சென்சார் சொல்லாது. மேடாக எதிரில் நிற்பதைத்தான் அது பார்க்கும். கேமராவில் பள்ளமும் தெரியும். அதற்காக மட்டும் ஒரு சின்னத் திரை வைத்த கண்ணாடியும் கேமராவும் தனியாக மாட்டிக்கொள்ளலாம், செலவு சில ஆயிரம்தான்.

முடிவு செய்யும் முன் டெஸ்ட் டிரைவை ஷோரூமைச் சுற்றி முடித்துவிடாதீர்கள். அடிவாரம் தாண்டி இரண்டு வளைவாவது ஏற்றிக் காட்டச் சொல்லுங்கள், மதிய வெயிலில் போங்கள். திரையில் சூரியன் பட்டு மேப் தெரிகிறதா, டிஃபாகர் பட்டன் கண்ணை எடுக்காமல் கைக்கு எட்டுகிறதா, வலப்பக்க வளைவில் தூண் எவ்வளவு மறைக்கிறது என்று உட்கார்ந்தே பாருங்கள். மேல் வேரியண்டுதான் என்று முடிவானால், உங்கள் சொந்த போனையும் சொந்தக் கேபிளையும் கொண்டுபோய்ச் சொருகிப் பாருங்கள். சார்ஜுக்கு மட்டும் ஆன கேபிள்களில் டேட்டா ஒயரே இருக்காது. ஆண்ட்ராய்டு ஆட்டோ வரவில்லை என்று எங்களிடம் வரும் வண்டிகளில் பாதிக்கு அதுதான் நோய்.